ஊசி மொக்கு, உருண்டை மொக்கு

வலது கையை உயர்த்த முடியாமல், இடது கையால் அதைத் தூக்கிப் பிடித்துத்தான் அந்த ஏப்ரல் மாதம் முழுக்கச் சட்டைக்குள் நுழைத்தேன். ஐந்து வாரம் சாறு சுமந்த தோள். ஜனவரியில் பெய்த பனிக்கட்டி மழை மேட்டுத் தோப்பின் கிளைகளை ஒடித்துப் போட்டது. மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டியிருந்த சாற்றுக் குழாய்களும் அறுந்து தொங்கின. அதனால் தொண்ணூற்றெட்டாம் வருடம் எங்களுக்குப் பழையபடி வாளி. முழங்கால் வரை பனி, அதற்கு அடியில் சேறு, இரண்டு கையிலும் வாளி. நாற்பது வாளி மேப்பிள் சாறு காய்ச்சினால் ஒரு வாளி பாகு கிடைக்கும். யோசித்துப் பார்க்கிற எவனும் இந்த வேலைக்கு வர மாட்டான்.

வலி எனக்குப் பழக்கம். பதினொரு வயதிலேயே பால் கேன் தூக்க ஆரம்பித்தவன் நான். என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது என் சகலை ரேயாலின் தோள். அவனும் அதே ஐந்து வாரம், அதே வாளிகளைத்தான் சுமந்தான். தினமும் என்னைவிட இரண்டு நடை கூடவே போயிருப்பான். கடைசிநாள் சாயங்காலம் பாகு கொட்டகை வாசலில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டிச் சோம்பல் முறித்தான். ஒரு எலும்புகூடச் சத்தம் போடவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் அல்சீட் திபோவின் மருமகன்கள். மூத்தவள் ஜானினை நான் கட்டினேன். இளையவள் கொலெட்டை அவன் கட்டினான். நான் அந்தத் தோப்பில் இருபத்திரண்டு வசந்தம் சுமந்தவன். அவனுக்கு அது ஒன்பதாவது. நான் அடுத்த மலைச்சரிவில் பிறந்த உள்ளூர்க்காரன், பெயர் வெண்டல் காப். அவன் எல்லைக்கு அந்தப் பக்கம் கியூபெக்கிலிருந்து வந்தவன், மாமனாரின் பாஷை பேசுகிறவன். சாப்பாட்டு மேஜையில் அவர்களுக்குள் பிரெஞ்சில்தான் பேச்சு ஓடும். இருபத்திரண்டு வருடத்தில் எனக்குப் பாதி புரிய ஆரம்பித்திருந்தது. அவர்கள் சிரிக்கும் விஷயம் எப்போதும் அந்த இன்னொரு பாதியில் இருக்கும்.

மாமனார் அவனை "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவார். என்னை "ஏப்பா வெண்டல்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ரேயால் வருகிற வரை அது எனக்கு உறைக்கவே இல்லை. கொலெட் பட்டாணி சூப்பு ஊற்றும்போது பன்றிக்கறித் துண்டு அவன் கிண்ணத்தில்தான் விழும். எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

பனிக்கட்டி மழைக்கு முந்தின நவம்பரில் மாமனார் எங்களை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்.

"மேட்டுத் தோப்பு ரேயாலுக்கும் கொலெட்டுக்கும். வீட்டை ஒட்டின மேய்ச்சல் நிலம் உனக்கும் ஜானினுக்கும். உனக்கென்னப்பா வெண்டல், டவுன்ல சாலை வேலை இருக்கு. மாசம் பொறந்தா சம்பளம் வருது, ஆஸ்பத்திரிச் செலவையும் அவங்களே பாத்துக்கிறாங்க. அவன் மரத்தை நம்பி இருக்கிறவன்."

நியாயம்தான். அநியாயம் என்றால் சண்டை போட்டிருக்கலாம்.

அல்சீட்டுக்குச் சர்க்கரை நோய். ஐம்பது வருடம் பாகு காய்ச்சியவருக்கு அது வந்ததை வைத்து ஊரில் பேசாத கேலி இல்லை. "அம்பது வருசம் ஊருக்கெல்லாம் வித்தேன், கடைசியில என் வீட்டுக்கே குடிவந்திருச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அது முதலில் கண்ணைத் தின்றது. நிறம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. அடுத்து கால் மரத்துப்போகும், அதற்கடுத்து விரல் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் கிழவர் தினமும் காலையில் விரல்களைச் சோதித்துப் பார்ப்பார். சட்டைப் பொத்தானைத் தடவுவார், மேஜைமேல் சிந்திய உப்பைத் தேய்த்துப் பார்ப்பார். மரக்கொப்பைக் கொடுத்தால் மொக்கை உருட்டியே இன்ன மரம் என்று சொல்லிவிடுவார். பீச், ஆஷ், பிர்ச், மேப்பிள் எதுவானாலும் தப்பவே மாட்டார். "கண்ணு போனா போகட்டும், விரல் இருக்கு" என்பார்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை கன்று நட வைத்திருந்த நாள். பனிக்கட்டி மழையில் நூறு மரத்துக்கு மேல் உச்சி முறிந்து போயிருந்தது. அந்த இடைவெளிகளில் இப்போது வைத்தால், நாற்பது வருடம் கழித்து யாரோ துளை போட்டுச் சாறு இறக்குவார்கள். இந்தப் பக்கம் மேப்பிள் கன்றைக் காசு கொடுத்து வாங்கினால் சிரிப்பார்கள். எங்கேயாவது ஒரு பெரிய மரத்தடியில் முளைத்து நிற்பதை, இலை விடுவதற்கு முன் வேரோடு தோண்டிக்கொண்டு வருவதுதான் வழக்கம். மேட்டிலேயே முளைத்தவற்றை மான் மேய்ந்திருந்தது. மிச்சம் இருந்தவை முறிந்த கிளைகளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. அதனால் ரேயால் ஊருக்குள் போய்த் தோண்டி வந்திருந்தான்.

வண்டியின் பின்பக்கம் நிறைய ஈரச்சாக்கில் சுற்றிய கன்றுகள். நூற்று நாற்பது. இடுப்புயரம், சாட்டைக்கம்பு மாதிரி நேர், ஒன்றில்கூட மான் பல் படவில்லை.

"எப்படி சகல?" என்றான். முகமெல்லாம் பல். "ஸ்கூல் வேலிக்குப் பின்னாடி புல்லு மாதிரி மண்டிக் கிடக்கு. ஒருத்தனும் சீண்டலை. ரெண்டு நாள்ல தோண்டிட்டேன்."

நான் ஒரு கன்றை எடுத்தேன். நுனி மொக்கைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

எங்களுக்கு வேண்டிய சர்க்கரை மேப்பிளின் மொக்கு ஒல்லியாக, காப்பிக்கொட்டை நிறத்தில், ஊசி மாதிரி இருக்கும். விரலை வைத்து அழுத்தினால் குத்தும். இவன் கொண்டு வந்ததில் மொக்கு கொழுத்து, உருண்டையாக, பச்சையும் சிவப்பும் கலந்து இருந்தது. நார்வே மேப்பிள். தெருவில் நின்ற எல்ம் மரங்கள் நோயில் செத்தபோது, அந்த இடத்தில் டவுன்காரர்கள் நட்டது. இலை விட்டபிறகு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை. ஆனால் இதன் இலைக்காம்பை ஒடித்தால் பால் வடியும், சர்க்கரை மேப்பிளில் தெளிந்த நீர்தான். இதன் சாற்றில் சர்க்கரை குறைவு. நிழல் இருட்டு மாதிரி விழுந்து கீழே எதையும் வளரவிடாது. விதை பறந்து போகிற இடமெல்லாம் முளைத்து, தோப்புக்குள் ஒரு தடவை நுழைந்துவிட்டால் பழைய மரத்தின் பிள்ளைகளுக்கு இடம் இருக்காது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் சாலை வேலையால் தெரியும். பதினைந்து வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் விளக்குக் கம்பத்தை மறைக்கிற கிளைகளை நான்தான் அறுக்கிறேன். எந்த வேலையைக் காரணம் காட்டி மேட்டுத் தோப்பை எனக்கு இல்லை என்றார்களோ, அந்த வேலை செய்ததால் அந்தக் குடும்பத்தில் கிழவரைத் தவிர எனக்கு மட்டும் தெரிந்த ஒரே விஷயம் அது.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு மொக்கைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளினேன். வெள்ளையாக ஒரு சொட்டு. கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"என்ன சகல, பேச்சே காணோம்? நல்ல கன்னுதானே?"

"வேர் நல்லா எடுத்திருக்க" என்றேன். அது உண்மைதான்.

அந்த நிமிடம் என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெரிய திட்டம் எதுவும் இல்லை. மொட்டையாக நிற்கும் இந்தக் குச்சிகள் இலை விடும், எல்லோரும் பார்ப்பார்கள், 'மாப்பிள்ளை' ஒரு நாள் முழிப்பான், அவ்வளவுதான் மனசில் ஓடியது. அதை நினைத்தபோது தோள்வலி கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

மாமனார் வண்டியின் முன் சீட்டில், கதவைத் திறந்து வைத்து, கால்மேல் கம்பளி போட்டு உட்கார்ந்திருந்தார். பத்து கன்று வைத்திருப்போம். அவர் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை! ஒரு கொப்பு ஒடிச்சுக் கொண்டா. என்ன வைக்கிறீங்கன்னு நானும் பாக்கணும்ல?"

ரேயால் குழிக்குள் முழங்கை வரை சேற்றில் இருந்தான். "சகல, நீங்க பக்கத்துல இருக்கீங்க, குடுத்துருங்களேன்" என்றான்.

என் இடது பக்கம் கன்றுகள் சாய்த்து வைத்திருந்தன. வலது பக்கம் ஜனவரியில் முறிந்து விழுந்த ஒரு கிழட்டுச் சர்க்கரை மேப்பிளின் உச்சி கிடந்தது. அதன் நுனிக்கொப்புகளில் உயிர் இன்னும் இருந்தது, கீறினால் உள்ளே பச்சை. என் கை வலது பக்கம் போனது. வலிக்கிற கைதான். ஒடித்துக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

பேசாமல் இருந்தது வரைக்கும் ஒரு கணக்கு. இது வேறு.

அவர் கையுறையைக் கழற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மொக்கை வைத்து மெதுவாக உருட்டினார். நுனியை அழுத்தினார். முகம் மலர்ந்தது.

"குத்துதுடா. ஊசி. அசல் சரக்கு." பிறகு என்னைத் தாண்டி, குழிக்குள் நின்றவனைப் பார்த்துக் கத்தினார்: "எங்கடா புடிச்ச இதை, மாப்பிள்ளை? என் ஆயுசுல இப்படி மொக்கு பாத்ததில்ல!"

நான் செய்த திருட்டுக்கும் பாராட்டு அவனுக்குத்தான்.

மத்தியானத்துக்குள் நூற்று நாற்பதும் மண்ணுக்குள் போய்விட்டது. அதில் அறுபது கன்றாவது நான் வைத்திருப்பேன். வேரை மடக்கி வைத்தோ, குழியை ஆழமாக்கிக் கழுத்தை மூடியோ பட்டுப்போக வைத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. வேரை விரித்து, கல் பொறுக்கி, மண்ணை மிதித்து ஒழுங்காகத்தான் வைத்தேன். மோசமாக வேலை செய்ய என் கைக்குத் தெரியாது.

ஜூலையில் தோள் முழுதாகப் போய்விட்டது. டாக்டர் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டு, ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது என்றார். மேய்ச்சல் நிலத்தில் புல் முற்றி நின்றது. ஒரு காலையில் டிராக்டர் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், ரேயால் என் புல்லை அறுத்துக்கொண்டிருந்தான். நாலு நாள். அறுத்து, புரட்டி, கட்டி, களஞ்சியத்தில் அடுக்கியும் விட்டான். நான் தூளியில் கிடக்கும் கையோடு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லு" என்றாள் ஜானின்.

"அறுக்கச் சொல்லி நான் கேட்டேனா?"

"கேக்காம செஞ்சதுக்குத்தான் சொல்லச் சொல்றேன்."

அவன் அடுக்கிய கட்டுகளைப் போய்ப் பார்த்தேன். செங்கல் வைத்த மாதிரி இருந்தது. ஒரு கட்டாவது கோணலாக இருக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

மேட்டில் கன்றுகள் இலை விட்டன. ஒருவரும் சந்தேகப்படவில்லை. மேப்பிள் தோப்பில் நட்ட, மேப்பிள் மாதிரி இலை விட்ட கன்றின் காம்பை ஒடித்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கிழவர் மாதாகோவில் வாசலில் நின்று எல்லோரிடமும் ரேயாலின் கன்றுகளைப் பற்றித்தான் பேசினார்.

அக்டோபர் இரண்டாம் வாரம், இலைகள் சிவந்து உதிரும் காலம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமனார் வீட்டு முற்றத்தில் ஆப்பிள் பொறுக்கிக்கொண்டிருந்தோம். மாமனார் நாற்காலியில் மேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"மேட்டுல அங்க என்ன பச்சையா?"

"எங்க?"

"அந்தா, நாம ஏப்ரல்ல வச்ச இடம். காடே தீப்புடிச்ச மாதிரி செவந்து கெடக்கு, அங்க மட்டும் பச்சைத் திட்டா தெரியுது. என் கண்ணா, இல்ல நெசமா?"

ரேயால் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "நெசம்தான். சின்னக் கன்னு, கொஞ்சம் தாமசமா மாறும்."

"புதுசா வச்ச கன்னுதான்டா முதல்ல மாறும். வேர் புடிக்காததுக்குத்தான் குளிர் முதல்ல உறைக்கும்." கிழவரின் குரல் மாறியிருந்தது. "போய் ஒரு இலை பறிச்சுட்டு வா."

அவன் ஓடினான். மேட்டுக்கு ஓடுகிற வயதில்லை அவனுக்கு, ஆனாலும் ஓடினான். நான் ஆப்பிள் பொறுக்கினேன். நல்லதையும் சொத்தையையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறேன் என்று பிறகுதான் பார்த்தேன். திரும்பி வந்தபோது அவன் விரல்கள் பிசுபிசுத்து வெள்ளையாக இருந்தன.

"மாமா, காம்புல பால் வருது."

"தெரு மேப்பிள். அதுதான் கடைசி வரைக்கும் பச்சையா நிக்கும்" என்றார் மாமனார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் ரேயால் தலையைக் குனிந்துகொண்டு, நானும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகப் பிரெஞ்சை விட்டு என் பாஷையில் பேசினான்.

"நான்தான் மாமா. எங்க ஊர்ல தெருவுல மரமே கெடையாது. மேப்பிள்னா ஒண்ணுதான்னு நெனச்சேன். நூத்திநாப்பதையும் நானே புடுங்கிடறேன்."

"ஒம்பது வருசமா பாகு காய்ச்சுறான், மரம் தெரியல" என்று கொலெட் ஆரம்பித்தாள். "நாளைக்கு என் ஜாடையில வேற எவளாவது நின்னா அவளையும் வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்துருவான்."

"அவ சமைக்கிறவளா இருந்தா ஏத்திக்கடா" என்றாள் ஜானின். எல்லோரும் சிரித்தார்கள். ரேயாலும் சிரித்தான். அவன் சறுக்கினான், எழுந்தான், துடைத்துக்கொண்டான், அவ்வளவுதான். அதே தப்பை நான் செய்திருந்தால் என் கல்லறை வரைக்கும் அதைச் சொல்லியிருப்பார்கள். ஆறு மாதம் நான் காத்திருந்த தண்டனை அவனுக்கு ஒரு கிண்ணம் சூப்பு ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை.

சிரிக்காதவர் மாமனார் ஒருவர்தான். இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்திருந்தார்.

"அவன் தோண்டினான், சரி. தடவிப் பாத்தது யாரு?"

"விடுங்கப்பா" என்றாள் கொலெட்.

"நான்தானே பாத்தேன்? ஊசி மாதிரிக் குத்துச்சு, இந்த விரல்ல. உருண்டை மொக்கு எனக்கு ஊசியாத் தெரிஞ்சிருக்கு." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தார். "டாக்டர் சொன்னான். கண்ணு, காலு, அப்புறம் விரல்னு. காலை முந்திக்கிட்டு விரல் போயிருச்சு போல."

அங்கே ஒரு வாக்கியம் போதும். என் வாயில் ரொட்டி இருந்தது. மென்று விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். விழுங்கினேன். எதிரே ரேயால் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் சொல்ல முடியவில்லை. அவன் இல்லாத நேரம் சொல்லிக்கொள்ளலாம் என்று அடுத்த வாய் ரொட்டியை எடுத்தேன்.

வண்டியில் வீடு திரும்பும்போது ஜானின் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உனக்கு அந்த மரம் தெரியும்."

"இலை விட்டா தெரியும். ஏப்ரல்ல வெறும் மொக்குதானே. யாருக்குத் தெரியும்?"

"நான் மொக்கைப் பத்திக் கேக்கவே இல்லையே" என்றாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "பதினஞ்சு வருசமா உன் சட்டையில இருக்கிற மரப்பால் கறையைத் துவைக்கிறவ நான், வெண்டல்" என்றாள்.

வீட்டு வாசலில் இறங்கியதும், "அந்தக் கன்னுகளுக்கு என்ன பண்ணணுமோ அதைப் பண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு நான் வாய் திறக்காதது மட்டும்தான் தெரியும். கொப்பு விஷயம் தெரியாது.

மாமனாரை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். ஊசியால் ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்து, எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். கிழவர் நம்பவில்லை. "ஊசியால குத்தினா ஊசின்னு எவனுக்கும் தெரியும். ஊசி இல்லாதப்ப ஊசின்னு சொல்லுதே, அதுதான் வியாதி" என்றார். அதற்குப் பிறகு அவர் சவரக்கத்தியைத் தொடவில்லை, கன்னத்தை அறுத்துக்கொள்வேன் என்று பயம். கொலெட்தான் சவரம் செய்துவிட்டாள், பொத்தான் போட்டுவிட்டாள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். காலையில் உப்பைத் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் நின்றது. கை இரண்டும் எப்போதும் கம்பளிக்குள் இருந்தன.

அக்டோபர் கடைசியில் நானும் ரேயாலும் மேட்டுக்குப் போனோம். நூற்று நாற்பதில் நூற்று முப்பத்தொன்று உயிரோடு இருந்தது. நான் வைத்ததில் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. கடப்பாரையால் நெம்பி, வேர் ஒரு நூல்கூட விடாமல் இழுத்துப் போட்டோம். மண் உறைய ஆரம்பித்திருந்தது.

"சகல, அன்னைக்கு நீங்க ஒரு தடவை உத்துப் பாத்திருந்தீங்கன்னா கண்டுபுடிச்சிருப்பீங்க" என்றான். நான் கடப்பாரையை மண்ணில் ஊன்றி நின்றேன். அவனே சிரித்தான். "அந்தச் சேத்துல யாரு பாப்பா, விடுங்க. உங்களுக்குத் தோள் வேற."

நான் தப்பிக்கும் வழியையும் அவனே திறந்து விட்டான். அதற்கும் அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது.

"என் மேய்ச்சல் நிலத்துல, கல்சுவர் ஓரமா அசல் கன்னு நெறைய நிக்குது" என்றேன். "வர்ற ஏப்ரல்ல நூத்திநாப்பது தர்றேன்."

"உங்க கன்னு எதுக்கு சகல? நீங்களே வச்சுக்கோங்க, உங்க நிலத்துலயும் ஒரு தோப்பு வரட்டும்."

"எடுத்துக்கடா. பேசாத."

அவன் சேற்றுக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தான். நல்ல தோளைப் பார்த்துத்தான் பிடித்தான். ஒருத்தனை இப்படிக் கட்டிப்பிடிக்க எனக்கு வராது. அதையும் சேர்த்துத்தான் பொறாமைப்பட்டேன்.

பனிக்காலம் முழுக்க வாய்ப்புத் தேடினேன் என்று சொன்னால் பொய். இரண்டு தடவை கிழவரும் நானும் தனியாக இருந்தோம். ஒரு தடவை அவர் தூங்கிவிட்டார். ஒரு தடவை நான் அடுப்புக்கு விறகு எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய், தேவைக்கு மூன்று மடங்கு விறகு கொண்டு வந்தேன்.

ஏப்ரலில் தோண்டினேன். தோள் ஓரளவு தேறியிருந்தது. ஒவ்வொரு கன்றின் நுனி மொக்கையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குத்தினால்தான் சாக்குக்குள் போட்டேன். நூற்று நாற்பதும் முடிந்தபோது கட்டைவிரல் நுனி சிவந்து தடித்திருந்தது. சனிக்கிழமை மேட்டுக்குக் கொண்டு போனோம். மாமனார் போன வருடம் மாதிரியே வண்டியின் முன் சீட்டில், கதவைத் திறந்து வைத்து, கம்பளிக்குள் கையோடு இருந்தார்.

ஒரு கன்றையே தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். கொப்பு ஒடிக்கவில்லை. முழுக் கன்று, வேரில் மண்ணோடு.

"மாமா, தொட்டுப் பாருங்க."

"எனக்கெதுக்குப்பா."

"சும்மா தொட்டுப் பாருங்களேன். இந்த மொக்கை."

கம்பளி அசையவில்லை. "நீ பாத்தியா?"

"ஒவ்வொண்ணும் பாத்தேன். ஊசிதான்."

"அப்பறம் என்ன? நீ சொன்னா சரி, மாப்பிள்ளை."

இருபத்துமூன்று வசந்தத்துக்குப் பிறகு. ரேயால் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கும் அந்தச் சொல் கேட்டது. சிரித்தான். அந்தச் சிரிப்பில் புழு இருக்கிறதா என்று நான் தேடினேன், இல்லை. அவனுக்கு இருந்ததில் எதுவும் குறையவில்லை. எனக்குத்தான் கிடைத்தது, நான் ஆசைப்பட்டது அத்தனையும், கையில் ஒரு கன்றோடு நிற்கும்போது.

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தச் சொல் போய்விடும் என்று தெரிந்தது. சொல்லவில்லை. திரும்பிப் போய்க் குழிக்குள் கன்றை இறக்கினேன்.

ரேயாலுக்கு நூற்று நாற்பது சர்க்கரை மேப்பிள் கன்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் அறுத்த புல்லுக்கு மறு வருடம் அவன் விறகு முழுக்க நான் வெட்டிக் கொடுத்தேன். அல்சீட் திபோவுக்கு எண்பத்து நாலு வயது, கை இன்னும் கம்பளிக்குள்தான் இருக்கிறது. அவருக்கு நான் தர வேண்டியது ஒரு வாக்கியம்: அன்றைக்கு உங்கள் விரல் சரியாகத்தான் சொன்னது, நான் கொடுத்த கொப்புதான் வேறு மரத்துக் கொப்பு. அதை இன்னும் கொடுக்கவில்லை.